அடுத்த அறையிலிருந்து வந்த பதிவு

அந்தச் சமூகத்தின் விதிகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தவள் நான். அதனால்தான் பிறகு எனக்குத் தப்ப வழியில்லாமல் போனது என்று சிலசமயம் நினைக்கிறேன். வேறு யாராவது எழுதியிருந்தால் சொற்களுக்கு நடுவில் ஓர் ஓட்டையாவது விட்டிருப்பார்கள்.

மடவளையில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் அலுவலகம். பிறப்பத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, விவாகப் பதிவு என்று மூன்று மொழிகளுக்கிடையில் மாற்றிக் கொடுப்பது தொழில். வெளிநாட்டில் கணினி வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண்ணொருவர் ஒருநாள் என்னைத் தேடி எழுதினார். தமிழ் பேசும் பெண்களுக்காகத் தன் செலவில் ஒரு சிறிய சேர்வரை நடத்துவதாகவும், ஆங்கிலத்தில் இருக்கும் அதன் விதிகளைப் படித்தவுடன் விளங்கும் தமிழில் எழுதித் தர முடியுமா என்றும் கேட்டிருந்தார்.

அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்த பெண்கள் பலர் பெரிய தளங்களில் இருந்த கணக்குகளை மூடிவிட்டிருந்தார்கள். யாருடையவோ கல்யாணப் படத்தை எடுத்து, அசிங்கமாக எதையாவது எழுதி, வேறெங்கோ போட்டுவிடுவார்கள். முறைப்பாடு செய்தால் இயந்திரம் எழுதிய பதில் ஒன்று வரும். இவர் நடத்தியது அப்படிப்பட்ட தளம் அல்ல. முழுவதையும் சொந்தமாக வைத்திருக்கும் கம்பனி என்று ஒன்று கிடையாது. விரும்பியவர் தனக்கென ஒரு சேர்வரை வைத்து, தன் விதிகளைத் தானே போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு சேர்வரில் எழுதியதை மற்றச் சேர்வர்களில் இருப்பவர்களும் படிக்கலாம், பதில் எழுதலாம். எங்களுடையதில் சில நூறு பெண்கள். சமையல், பிள்ளைகளின் பரீட்சை, மாதவிலக்கு, மாமியார், புருஷன். அநேகமாக எல்லாரும் புனைபெயரில்தான்.

தனியுரிமைக் கொள்கை என்ற தலைப்பைப் பார்த்தாலே யாரும் படிக்கமாட்டார்கள் என்று, ‘நீங்கள் எழுதுவது எங்கே போகும், யார் பார்ப்பார்’ என்று மாற்றினேன். தரவு என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘எழுத்தும் படமும்’ என்று போட்டேன். இங்கே இல்லாத ஒருவரை அடையாளம் தெரியும்படி எழுதக்கூடாது என்று ஒரு விதி. ஓர் உறுப்பினர் யார் என்பது மட்டுறுத்துநருக்குத் தெரியவந்தால் அதை யாரிடமும் சொல்லக்கூடாது, அந்த உறுப்பினரிடமும் கேட்கக்கூடாது, தன் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தவும் கூடாது என்று இன்னொன்று. அந்த விதியின் முடிவில் ‘பொறுப்பை விட்ட பிறகும்’ என்று நானாகவே சேர்த்தேன். ஆங்கில மூலத்தில் அது இருக்கவில்லை. நிர்வாகிக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அப்படியே என்னையும் மட்டுறுத்துநராக இருக்கச் சொன்னார். பதிவுகள் பற்றி வரும் முறைப்பாடுகளைப் பார்த்து, இருக்கலாமா நீக்குவதா என்று தீர்மானிப்பதுதான் வேலை. ஒத்துக்கொண்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயமாகவும் அது அப்போது தோன்றவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். வீடு என்னுடையது. எங்கள் வழக்கப்படி கல்யாணத்தின்போது உம்மாவும் வாப்பாவும் எனக்கு எழுதிக் கொடுத்தது. கல்யாணம் நிலைக்கவில்லை, வீடு நிலைத்தது. அவர்கள் இருவரும் மௌத்தான பிறகு தம்பியும் அவன் மனைவியும் என்னோடு வந்து இருந்தார்கள். தம்பிக்குக் கட்டுகஸ்தோட்டையில் ஓர் இரும்புக் கடையில் வேலை. அவன் மனைவி திகனைக்காரி. கடுகண்ணாவையில் ஒரு முன்பள்ளியில் படிப்பித்தாள். காலையில் பஸ் மாறி மாறிப் போய், பின்னேரம் களைத்துப்போய் வருவாள். அக்காவை நாங்கள் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவளும் என்னைத் தாத்தா என்பாள். நல்ல பெண். எங்களுக்குள் சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை. அதை நான் ஒரு பெருமையாக வெளியில் சொல்வதும் உண்டு.

அந்த முறைப்பாடு ஒரு விடுமுறை நாள் பகலில் வந்தது. வேறு சேர்வரில் இருந்த யாரோ அனுப்பியது. ‘வேறொருவரின் குடும்ப விஷயம் அவர் அனுமதியில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது’ என்று காரணம் எழுதப்பட்டிருந்தது. பதிவைத் திறந்தேன். எழுதியவர் ஒரு பூவின் பெயரை வைத்திருந்தார்.

கணவரின் மூத்த சகோதரியின் வீட்டில் இருக்கிறோம் என்று தொடங்கியது. அவர் கெட்டவர் இல்லை, அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. நான் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நகர்ந்தால் பின்னாலேயே வந்து தீயைத் தணிப்பார். நான் மடித்த உடுப்புகளைப் பிரித்து மறுபடி மடிப்பார். எனக்குப் போன் வந்தால் யார் என்று கேட்கமாட்டார், ஆனால் பேசி முடியும்வரை அங்கேயே எதையாவது துடைத்துக்கொண்டு நிற்பார். அவர் வீட்டில் வேலை செய்கிறவர். சொற்களை உரக்கச் சொல்லிப் பார்த்துத்தான் எழுதுவார். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்கு அத்தனையும் கேட்கும். இந்த வீட்டில் நான் சத்தமாக அழுதது கிடையாது.

சொற்களை உரக்கச் சொல்வது என்ற இடம் வரும்வரை, பாவம் யாரோ என்று நினைத்துக்கொண்டுதான் படித்தேன். அந்த இடத்தில் என் வாய் திறந்திருந்தது எனக்கே தெரிந்தது. நான் அந்தப் பதிவையே உரக்கப் படித்துக்கொண்டிருந்தேனா இல்லையா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. அவள் எழுந்து குசினிக்குப் போகும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் நானும் எழுந்து போனேன். போகாமல் இருந்தால் வித்தியாசமாகத் தெரியும் என்று பயந்தேன். அவள் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தீ சட்டியைத் தாண்டி எரிந்தது. வழக்கமாக என்றால் என் கை தானாகப் போயிருக்கும். அன்று கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தணித்தால் அவள் எழுதியதை அவள் கண்முன்னே செய்கிறேன். தணிக்காவிட்டால், இத்தனை வருடம் தணித்தவள் இன்று ஏன் சும்மா நிற்கிறாள் என்று அவள் யோசிப்பாள். பருப்பு பொங்கி வழிந்தது. அவள் ஓடிவந்து மூடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“தாத்தா, ஒங்களுக்குச் சொகமில்லியா?”

தலைவலி என்றேன்.

முறைப்பாட்டுக்கு ஒரு முடிவு எழுதவேண்டும், காரணத்தோடு. அதை மற்ற மட்டுறுத்துநர்களும் பார்ப்பார்கள். அடையாளம் தெரியும்படி எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. உலகத்தில் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு காரணத்துக்காக நீக்கினால், என்னைப் பற்றி எழுதியதை நானே அழித்தவள் ஆவேன். சொந்த விஷயம் என்றால் விலகிக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் ஏன் விலகுகிறேன் என்று எழுதவேண்டும். எழுதினால், இந்தப் பூவின் பெயருக்குப் பின்னால் இருப்பவள் என் வீட்டுப் பெண் என்று சொன்னதாகிவிடும். நிர்வாகிக்கு என் பெயரும் ஊரும் தெரியும்.

அவருக்குப் போன் எடுத்தேன். வீட்டுக்குள் பேச முடியாததால், கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பள்ளிவாசல் சந்திவரை நடந்து, பஸ் நிற்கும் இடத்தில் நின்று பேசினேன். இந்த ஒன்றை மட்டும் வேறு யாராவது பார்க்கட்டும் என்றேன்.

“மற்ற ரெண்டு பேரில ஒராள் பயணத்தில, மற்றவ இப்பதான் பிள்ளை பெத்திருக்கிறா. நான் அவவைக் கரைச்சல் படுத்தேலாது,” என்றார். “ஏன் எண்டு சொல்லுங்கோவன். ஏதும் பயமுறுத்தலோ?”

“அப்பிடி ஒண்டும் இல்ல. சொல்ல ஏலா.”

“சொல்லாட்டி நான் என்னத்தை எழுதிறது? நாளைக்கு வேற ஒராள் தனக்குப் பிடிக்காததையெல்லாம் இப்பிடித் தள்ளிவிட்டா?”

அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்தைத் தமிழில் எழுதியவளே நான்தான். திரும்பி வந்து, ‘இதில் யாரும் அடையாளம் காணப்படவில்லை’ என்று எழுதி முறைப்பாட்டை மூடினேன். பதிவு இருந்தது.

இருந்ததால் பதில்களும் வந்தன. மட்டுறுத்துநர் என்ற முறையில் அத்தனையையும் நான் படிக்கவேண்டும். தனியாக இருக்கிற பொம்பளை, பாவம், வேறு என்ன செய்வாள் என்று ஒருவர் எழுதினார். இப்படிப்பட்டவர்கள் பாசம் என்ற பெயரில் ஆளையே தின்றுவிடுவார்கள் என்று இன்னொருவர். அவர் எனக்கு அந்தச் சமூகத்திலேயே மிக நெருக்கமானவர். பலாக்கொட்டைக் கறி தொடக்கம் என் விவாகரத்துவரை அவரோடு பேசியிருக்கிறேன். அவர் என்னைப் பற்றித்தான் எழுதுகிறார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்ல முடியாது. அவர் எழுதியதற்கு நிறையப் பேர் விருப்பக் குறி போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் நான் என்ன செய்தாலும் பிழையாகவே போனது. உரக்கச் சொல்லாமல் மொழிபெயர்க்கப் பழகினேன். முன்னறை அமைதியாகிவிட்டது. இரண்டொரு நாளில், வேலை ஒன்றும் வருவதில்லையா என்று தம்பி கவலையோடு கேட்டான். அவன் மனைவிக்குப் போன் வந்தால் உடனே எழுந்து வேறு அறைக்குப் போனேன். தன்னோடு எனக்கு ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்து, அவள் திகனைக்குப் போய்வரும்போது எனக்கென்று தொதல் இனிப்பு வாங்கி வந்தாள். உடுப்புகளை அவள் மடித்தபடியே விட்டேன். அவள் அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்து, நல்லா மடிக்கவில்லைதான், நீங்களே மடியுங்கள் தாத்தா என்று என் முன்னால் வைத்தாள். நான் மடித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு என் அறையில் இருந்தால் மட்டும் மூச்சு வந்தது. என் சொந்த வீட்டில் நான் ஒளிந்து வாழ்ந்தேன். அவளும் அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த பதிவில் அவள் கடுகண்ணாவையைப் பெயர் சொல்லாமல் எழுதினாள். வேலைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய இடம் வாடகைக்கு இருக்கிறது, கணவருக்கும் விருப்பம், ஆனால் தன் சகோதரி தனித்துப்போவார் என்று அவர் வாய் திறக்கமாட்டார். என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாள். தம்பியைக் கூப்பிட்டு, போய் இருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். பலமுறை அதற்காக எழுந்தேன். தெரிந்ததைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி ஞாபகத்துக்கு வந்து மறுபடி உட்கார்ந்தேன். விதி மட்டுமா என்றால், அதுவும் இல்லை. அவர்கள் போய்விட்ட வீட்டை நினைத்துப் பார்த்தேன். எனக்குப் போகச் சொல்ல மனம் வரவில்லை. விதி எனக்கு வசதியாகவும் இருந்தது.

பிறகு அந்தப் பதிவின் பிரதி ஒன்று வெளியே போனது. எங்கள் சேர்வரில் எழுதுவதை மற்றச் சேர்வர்கள் தங்களிடம் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். அவற்றில் ஒன்று, எல்லாவற்றையும் தேடுபொறியில் அகப்படும்படி திறந்து வைத்திருந்தது. திகனையில் அவள் உம்மாவின் தங்கையான சாச்சியின் மகள் எதையோ தேடப்போய் அதைப் பார்த்திருக்கிறாள். ஒங்கட கதையைப் போலவே ஈக்குதே என்று சிரித்துக்கொண்டு அனுப்பியிருக்கிறாள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளே மட்டுறுத்துநர்களுக்கு எழுதினாள். நான் எழுதிய எல்லாவற்றையும் எல்லா இடத்திலிருந்தும் உடனே அழியுங்கள் என்று. அவள் அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். தட்டெழுதும் சத்தம்கூட எனக்குக் கேட்பதுபோல் இருந்தது.

‘நிர்வாகக் குழு’ என்ற பெயரில் பதில் எழுதினேன். எங்கள் சேர்வரில் அழித்துவிட்டோம், மற்றச் சேர்வர்களுக்கும் அழிக்கச் சொல்லி அறிவித்தல் போகும், ஒழுங்காக நடத்துகிறவர்கள் அழிப்பார்கள், எல்லாரும் அழிப்பார்கள் என்று எங்களால் உறுதி தர முடியாது. விதியில் நான் எழுதிவைத்த அதே வசனம். சேரும்போது எல்லாரும் அதைப் பார்த்து ஏற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். யார் படிக்கிறார்கள்?

உடனே பதில் வந்தது. “அந்த வீட்டிலுள்ளவர் இதைப் பார்த்தால் நான் எந்த முகத்தோடு அங்கே இருப்பது? அவர் என்னை ஒருநாளும் ஏசியதில்லை.”

பதில் பெட்டியைத் திறந்தேன். பார்க்கமாட்டார் என்று எழுதினால் பொய். பார்த்துவிட்டார், கோபமில்லை என்று எழுதினால் அவள் அந்த நிமிடமே சுவரைப் பார்ப்பாள். அதற்குப் பிறகு ஒரு வாய் சோறு என் கையால் அவளுக்கு இறங்காது. கடைசியில், ‘உங்கள் நிலைமை விளங்குகிறது. எங்களால் முடிந்ததைச் செய்கிறோம்’ என்று எழுதினேன். ஒரு வங்கிக் கிளையிலிருந்து வந்த கடிதத்தைப்போல் இருந்தது. எழுந்துபோய் அவள் கதவைத் தட்டி, கொத்தமல்லி அவித்திருக்கிறேன், குடிக்கிறாயா என்று கேட்டேன். கண் சிவந்திருந்தது. வாங்கிக் குடித்தாள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனாள்.

பொறுப்பை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விட்டாலும் ஒன்றும் மாறாது. ‘பொறுப்பை விட்ட பிறகும்’ என்று நானே சேர்த்த அந்த மூன்று சொற்கள் இருந்தன.

கடைசியில் தம்பிதான் பேசினான். ஒரு பின்னேரம் கடையிலிருந்து நேரத்தோடு வந்து, என் மேசைக்கு எதிரே வாடிக்கையாளர்கள் இருக்கும் கதிரையில் உட்கார்ந்தான். அவன் மனைவி வாசலில் நின்றாள். அவன் பஸ்ஸைப் பற்றிப் பேசினான், மழையைப் பற்றிப் பேசினான், அவள் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினான்.

“கடுகண்ணாவைல வாடகைக்கு ஒரு எனெக்ஸ் பாத்தீக்கிறோம் தாத்தா,” என்றான் பிறகு. “நீங்க வேணாமெண்டா நாங்க போக மாட்டோம்.”

இதை முதல்முறை கேட்கிறவளைப்போல் நான் திடுக்கிட்டிருக்க வேண்டும். கொஞ்சம் மறுத்து, கொஞ்சம் கலங்கி, பிறகு சம்மதித்திருக்க வேண்டும். எனக்கு நடிக்க வரவில்லை. அவன் முடிக்குமுன்னே, “நல்லது, போங்க. சந்தோஷமாப் போங்க,” என்றேன்.

அவன் முகம் விழுந்துபோனது. நான் தடுப்பேன் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருக்கிறான். எவ்வளவு காலமாக இவள் எங்களைப் போகச் சொல்லக் காத்திருந்தாளோ என்று அவன் நினைத்தது எனக்குத் தெரிந்தது. அதை மறுக்க என்னிடம் இருந்த ஒரே சாட்சி, சொல்லக்கூடாத ஒன்று. அவன் மனைவி வாசலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் அவள் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல்தடவை.

“கோவமா தாத்தா?”

“இல்ல புள்ள. எனக்கென்னத்துக்குக் கோவம்?”

அவர்கள் போய்விட்டார்கள். அலுமாரி ஒன்றையும் தையல் மெஷினையும் கொடுத்தனுப்பினேன். தம்பி முதல் சில மாதம் குறைவாகத்தான் பேசினான். ஏன் அப்படி உடனே போகச் சொன்னேன் என்று இன்றுவரை கேட்கவில்லை.

அந்தப் பிரதி இருக்கும் சேர்வரின் முகவரியைத் தேடிப் பிடித்து, அதை நடத்துகிறவருக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். அதற்கும் இல்லை. அந்தச் சேர்வரோடு எங்கள் தொடர்பைத் துண்டிக்கும்படி நிர்வாகியிடம் கேட்டேன், துண்டித்தார். அதனால் இனிமேல் எழுதுவது அங்கே போகாது. போனது போனதுதான். நான் தணித்த தீயும் நான் மடித்த உடுப்பும் யாருக்கும் தெரியாத ஒருவரின் கணினியில் இன்னும் இருக்கின்றன.

விதிகளைத் திருத்தும் காலம் வந்தபோது ஒரு வசனம் சேர்க்கவேண்டும் என்றேன். மட்டுறுத்துநர் ஒரு முறைப்பாட்டிலிருந்து காரணம் சொல்லாமல் விலகலாம், ஏன் என்று அவரிடம் யாரும் கேட்கக்கூடாது. நிர்வாகி அதை ஒருமுறை வாசித்துப் பார்த்தார்.

“அண்டைக்கு நான் கேட்டிருக்கக்கூடாது என்ன?” என்றார்.

உங்களில் பிழையில்லை என்றேன். வேறொன்றும் அவரும் கேட்கவில்லை. இப்போது அந்த விதி இருக்கிறது. இதுவரை இரண்டு பேர் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது.

சென்ற பெருநாளுக்குப் பிறகு கடுகண்ணாவைக்குப் போயிருந்தேன். சிறிய இடம், சன்னலைத் திறந்தால் ரயில் பாதை. அவள் உடம்பு கொஞ்சம் தேறியிருந்தாள், குரல்கூட உயர்ந்திருந்தது. தம்பியை ஏதோ வாங்கிவரக் கடைக்கு அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முன்பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் பேசினாள். பிறகு தன் கைப்பையின் வாரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“தாத்தா, பொம்பளைங்க மட்டும் ஈக்கிற அந்த இணைய எடமெல்லாம் ஒங்களுக்குத் தெரியுமா? பேர் மாத்தி எழுதுவாங்களே.”

“சட்டதிட்டம் மொழிபெயர்க்கக் குடுப்பாங்க. செஞ்சு குடுத்தீக்கிறேன்,” என்றேன். அதில் பொய் இல்லை.

அவள் தலையாட்டினாள். தெரிந்துகொண்டு ஆட்டினாளா, சும்மா ஆட்டினாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. கேட்கவும் முடியாது. தம்பி வந்து சேர்ந்தான், சாப்பிட்டோம், பஸ்ஸுக்கு இருவரும் கூட வந்தார்கள். பாதை முழுக்க வாகன நெரிசல். பஸ் பேராதனைக்கு வரும்போது இருட்டிவிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த பெண் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவளை எழுப்ப மனமில்லாமல், என் இடம் வரும்வரை அசையாமல் இருந்தேன்.